இடிப்பார்கள் என்று காத்திருக்கலாமா?

(தாராவியில் நடந்த உறுப்பினர் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நான் ரயில்வே கூட்ஸ் ஆபீஸில் கணக்கு எழுதுகிறவன். மேடைப் பேச்சு எனக்கு வராது. ஆனால் கொஞ்ச நாளாக நம் சந்துகளில் ஒரே பல்லவி: "எப்படியும் இடிக்கப் போகிறார்கள், இப்போது எதற்கு?" கூரை ஒழுகுகிறது; தகடு மாற்றவில்லை. பெண் பன்னிரண்டாம் வகுப்பு தேறிவிட்டாள். கல்லூரிக்கு மனுப் போடவில்லை. எங்கே தூக்கிப் போடுவார்களோ என்கிறார்கள். சங்கச் சந்தா நின்றதற்கும் இதே காரணம்தான்! (சிரிப்பு)

இந்தப் பேச்சு இன்றா முளைத்தது? 1976-ல் அரசு நிலத்துக் குடிசைகளை எண்ணிப் போட்டோ பாஸ் கொடுத்தார்கள். 1985-ல் பிரதமர் ராஜீவ் காந்தி பம்பாய்க்கு 100 கோடி அறிவித்தார். 2004-ல் தாராவி முழுவதையும் மாற்றும் திட்டம் வந்தது. 2018-ல் விட்ட டெண்டர் 2020-ல் ரத்தானது. 2022 நவம்பரில் அதானி குழுமம் 5,069 கோடிக்குக் கேட்டு எடுத்தது. 2024-ல் வீட்டுக்கு வீடு கணக்கெடுப்பு ஆரம்பம். 2004-ல் கூரை மாற்றாமல் உட்கார்ந்தவன் இருபது மழைக்காலத்துக்கு மேல் நனைந்திருப்பான்.

இந்தத் தடவையும் நடக்காது என்று நான் சொல்ல வரவில்லை. அப்படி ஆறுதல் சொல்கிறவர்களை நம்பாதீர்கள்.

ரயில்வேயில், முன்னால் தண்டவாளம் சரியில்லை என்றால் டிரைவரிடம் காஷன் ஆர்டர் என்று ஒரு தாள் கொடுப்பார்கள். எந்தக் கிலோமீட்டரிலிருந்து எதுவரை என்ன வேகம் என்று அதில் இருக்கும். வண்டி மெதுவாகப் போகும், ஸ்டேஷனிலேயே படுத்துவிடாது. நமக்கு அந்தத் தாள், அறிவித்திருக்கும் விதிமுறை.

தரைத்தள வீடு 2000 ஜனவரி 1-க்கு முன்பே இருந்தால் தாராவிக்குள் 350 சதுர அடி, இலவசம். அதற்குப் பின், 2011 ஜனவரி 1 வரை என்றால் இரண்டரை லட்சம் கட்ட வேண்டும். தாராவிக்கு வெளியே 300 சதுர அடி. அதற்கும் பிந்தியவர்களுக்கும் மாடியில் இருப்பவர்களுக்கும் வெளியேதான். வாடகை கட்டிப் பின்னால் சொந்தமாக்கும் வீடு. வெளியே என்றால் எங்கே? முலுண்ட், காஞ்சூர்மார்க் பக்கத்து உப்பள நிலங்களை இதற்கென்று கேட்டு வாங்குகிறார்கள்.

கீழே அண்ணன், மேலே தம்பி. நடுவில் ஓர் இரும்பு ஏணி. அண்ணனுக்கு இங்கே வீடு, தம்பிக்கு உப்பளம். விடியுமுன் இட்லி அவித்து, ஏழு மணிக்குள் மாதுங்காவில் விற்கிற தம்பி, முலுண்டிலிருந்து எந்த வண்டியில் அண்டாவை ஏற்றுவான்? நம் சங்கம் உடைவதானால் இந்த ஏணியில்தான் உடையும். "எனக்குக் கிடைத்தால் போதும்" என்று கீழ்வீட்டார் கையெழுத்துப் போட்டுவிட்டு ஒதுங்கினால் மேல்வீட்டார் தனியாள்.

தேதிகள் கல்வெட்டு அல்ல, தோழர்களே. முன்பு 1995 ஜனவரி 1 என்றார்கள். பிறகு 2000 ஆயிற்று. ஓட்டுப் போடுகிற ஜனங்கள் விடாமல் கேட்டதால் நகர்ந்தது. இனியும் நகரலாம். நகரும் நாளில் கையில் காகிதம் இருக்கிறவனுக்குத்தான் பலன்.

கணக்கெடுப்பவர் வந்தால் கதவைச் சாத்துங்கள் என்று நம் நண்பர்கள் சிலர் சொல்கிறார்கள். கோபம் நியாயம்தான், யோசனை எனக்குச் சம்மதமில்லை. விட்டுப்போன வீட்டுக்காக ஆபீஸ் ஆபீஸாக அலைவது நாம்தானே? உள்ளே விடுங்கள். கொடுக்கிற ஒவ்வொரு தாளுக்கும் ஒப்புகை கேளுங்கள். மராத்தியில் இருப்பதை யாராவது படித்துச் சொல்லாமல் கையெழுத்து வேண்டாம். கரண்ட் பில் இன்னும் ஊரிலிருக்கும் பெரியப்பா பெயரிலா வருகிறது? இந்த வாரமே பாருங்கள். வாக்காளர் பட்டியலில் அப்பா பெயர் தப்பாக இருக்கிறதா? அதையும்தான்.

படித்துச் சொல்ல ஆள் யார்? நம்மில் பாதிப் பேருக்கு மராத்தி பேசத்தான் வரும். பள்ளியில் மராத்தி படித்தது நம் பிள்ளைகள். போன மாதம் சங்க அறையில் பன்னிரண்டு மனு எழுதியது, கல்லூரிக்கு அனுப்பலாமா வேண்டாமா என்று வீட்டில் யோசிக்கிறார்களே, அந்தப் பெண்தான்! அவளை நிறுத்திவிட்டு அடுத்த நோட்டீஸை யாரிடம் கொண்டு போவீர்கள்? வீடு இங்கே கிடைத்தாலும் முலுண்டில் கிடைத்தாலும் அவள் படிப்பை யாரும் கணக்கெடுப்பில் கழிக்க முடியாது.

வருகிற ஞாயிறு காலை 10 மணிக்குச் சங்க அறையில் காகிதங்களைச் சரிபார்க்கிறோம். ரேஷன் கார்டு, கரண்ட் பில், பழைய போட்டோ பாஸ் இருந்தால் அதுவும் கொண்டு வாருங்கள். கீழ்வீட்டாரும் மேல்வீட்டாரும் சேர்ந்தே வர வேண்டும். தனித்தனியாக வந்தால் திருப்பி அனுப்புவேன். சந்தா பாக்கியையும் மறந்துவிடாதீர்கள்.