சிறு மின்கலம், நெடுங்காவல்

பாலக்காட்டுக் கணவாயின் கிழக்குப் பகுதியில் அமைந்துள்ள சித்தூர் வட்டம், மலையின் மறைவால் மழை குன்றிய நிலப்பகுதியாகும். பரம்பிக்குளம் – ஆழியாறு திட்டம் குறித்த 1970ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி, மணக்கடவில் ஆண்டுக்கு 725 கோடி கன அடி நீர் கேரளத்திற்கு வழங்கப்பட வேண்டும். அந்நீரையே இவ்வட்டத்தின் வேளாண்மை பெரிதும் நம்பியிருக்கிறது. தெற்கே, இடுக்கி மாவட்டத்தின் மூணாற்றிலோ நிலைமை இதற்கு நேர்மாறானது. அங்கு மழையின் மிகுதியே மலைச்சரிவைக் குலைக்கிறது. ஓரிடத்தில் நீர் குறைவு. மற்றோரிடத்தில் நீர் மிகுதி. எனினும் மண்ணுள் நிகழும் மாற்றத்தை உரிய காலத்தில் அறிதல் என்னும் தேவை ஈரிடத்திற்கும் பொதுவானது.

இத்தேவையை நிறைவு செய்யவல்லவை கம்பியில்லா உணர்கருவி வலைப்பின்னல்கள். உணர்கருவி, சிறு கணிப்பொறி, வானொலி அலைபரப்பி, மின்கலம் ஆகிய நான்கும் சேர்ந்தது ஒரு கணு. மின்கம்பி எட்டாத தோப்பிலும் காட்டுச்சரிவிலும் அது நிறுவப்படுவதால், மின்கலத்தின் ஆயுளே கணுவின் ஆயுளாகிறது.

மின்கலத்தைக் காலி செய்வது எது? அளவெடுத்தலும் கணக்கிடுதலும் அன்று, செய்திப் போக்குவரத்தே. பேசுவதற்கு மட்டுமன்றி, பிறர் பேசுவார்களா எனக் காத்திருப்பதற்கும் ஏறத்தாழ அதே அளவு மின்சாரம் செலவாகிறது. அலைபரப்பி இடைவிடாது கேட்டுக்கொண்டிருக்க 20 மில்லி ஆம்பியர் தேவையெனக் கொள்வோம். 2000 மில்லி ஆம்பியர்–மணித் திறனுள்ள மின்கலம் 100 மணி நேரத்தில், அதாவது நான்கே நாள்களில் தீர்ந்துவிடும். நூறு நொடிக்கு ஒரு நொடி மட்டுமே அது விழித்திருக்குமாயின், அதே மின்கலம் கணக்களவில் ஓராண்டுக்கு மேல் வரும். ஆகவே உறக்கமே முதற் சிக்கனம்.

இரண்டாவது, செய்தி செல்லும் வழி. நிலத்தையொட்டிச் செல்லும் அலைக்குத் தேவைப்படும் ஆற்றல், தொலைவு இரட்டிக்கும்போது பதினாறு மடங்குவரை உயரக்கூடும். எனவே தொலைவிலுள்ள மையத்திற்கு ஒரே மூச்சில் அனுப்புவதைவிட, அண்டைக் கணுக்கள் வழியே அஞ்சல் செய்வது பல வேளைகளில் சிக்கனமானது. ஆனால் இதிலும் ஓர் இடர் உண்டு. மையத்திற்கு அருகிலுள்ள கணுக்கள் மற்றவற்றின் சுமையையும் தாங்கி முதலில் ஓய்ந்துவிடும். அவை ஓய்ந்தால் எஞ்சியவை உயிரோடிருந்தும் ஊமையாகிவிடும். கணுக்களைக் குழுக்களாக்கி, தலைமைப் பொறுப்பை முறைவைத்து மாற்றும் ‘லீச்’ என்னும் நெறியை அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தினர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்டனர். குழுத் தலைவன் பல அளவுகளைத் திரட்டிச் சுருக்கி ஒரே செய்தியாக அனுப்புவதால் சுமையும் பகிர்ந்துகொள்ளப்படுகிறது, செலவும் குறைகிறது.

இக்கொள்கைகள் ஏட்டளவில் நின்றுவிடவில்லை. 2005 ஜூலையில் நிலச்சரிவுக்கு உள்ளான மூணாறு அந்தோணியார் காலனியில், அமிர்தா பல்கலைக்கழகத்தினர் ஐரோப்பிய ஆணையத்தின் உதவி பெற்ற திட்டமொன்றின் கீழ் இத்தகைய வலைப்பின்னலை நிறுவினர். ஆழ்துளைகளில் இறக்கப்பட்ட கருவிகள் மண்ணின் ஈரத்தையும் நிலத்தடி நீரழுத்தத்தையும் சரிவின் அசைவையும் அளந்தன. அளவுகள் செயற்கைக்கோள் வழியே கொல்லம் மாவட்டத்து அமிர்தபுரியை எட்டின. மழையும் மண்ணீரமும் வரம்பு கடக்கும்போது மட்டும் அளவெடுப்பின் வேகத்தை உயர்த்தும் முறையும் வகுக்கப்பட்டது. 2009 ஜூலைக் கனமழையின்போது இவ்வமைப்பின் துணையுடன் எச்சரிக்கை விடுக்கப்பட்டது.

இதன் அருமையை உணர்த்தியது 2020 ஆகஸ்ட் 6ஆம் நாள் இரவு. மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் சரிந்த மலை, தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளைப் புதைத்தது. எழுபது பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் தமிழர். மின்சாரமும் தொலைத்தொடர்பும் செயலற்றிருந்தமையால், மறுநாள் காலையில்தான் வெளியுலகம் அதனை அறிந்தது.

சிக்கனம் என்பது எப்போதும் வாய்மூடியிருத்தல் அன்று என்பதே இதிலிருந்து பெறத்தக்க பாடம். சித்தூரின் தென்னந்தோப்பில் மண்ணீரம் மெல்லவே மாறும். அங்கு மணிக்கு ஒருமுறை அளந்தாலே போதும். மலைச்சரிவில் கோடையில் உறங்கும் கணு, மழைக்காலத்தில் நொடிதோறும் விழித்திருக்க வேண்டும். மேகம் மூடிய நாள்களில் சூரிய ஒளியாலும் மின்கலத்தை முழுமையாக நிரப்ப இயலாது; ஆகவே கோடையில் சேமித்த ஆற்றலே ஆபத்து நாளில் கைகொடுக்கும்.

கருவியை நிறுவுவதோடு அலுவலரின் கடமை முடிந்துவிடுவதில்லை. பருவமழைக்கு முன் மின்கலங்களைச் சோதித்தல், பழுதுற்ற கணுக்களை மாற்றுதல், எச்சரிக்கை வந்தவுடன் யார் யாருக்கு அறிவிப்பது, மக்கள் எங்குச் செல்வது என்பனவற்றை முன்கூட்டியே வரையறுத்தல் ஆகியனவும் திட்டத்தின் உறுப்புகளே. மலையிலிருந்து வரும் செய்தி, சரிவின் அடியில் உறங்கும் கடைசி வீட்டின் கதவைத் தட்டும்போதுதான் அதன் பயணம் நிறைவுறுகிறது.