பிழை திருத்தும் சபை

யூதர்களின் ஜெப ஆலயத்தில் சனிக்கிழமைதோறும் நடக்கும் தோரா வாசிப்பை வெறும் சடங்கு என்று தள்ளிவிடுவோர் உண்டு. அதை ஓர் அரிய வாசிப்புக் கலையாக்கியதே அதைச் சூழ்ந்திருக்கும் சட்டங்கள்தான் என்பது என் கருத்து. தோரா எனப்படும் மோசேயின் ஐந்து நூல்கள் 54 பகுதிகளாக ஓராண்டில் வாசித்து முடிக்கப்படுகின்றன. அவை எழுதப்பட்ட தோல் சுருளில் இருப்பவை மெய்யெழுத்துகளே. உயிரொலிக் குறி, ராகக் குறி எதுவும் கிடையாது; வசனம் முடிகிற இடத்தில் ஒரு புள்ளிகூட இல்லை. வாசிப்பவர் அத்தனையையும் முன்கூட்டியே மனப்பாடம் செய்திருக்க வேண்டும். ஆனாலும் பாராமல் ஒப்பிக்கக் கூடாது. எழுத்தைப் பார்த்தே வாசிக்க வேண்டும். தோலை விரலால் தொடாமல், நுனியில் சிறு கை செதுக்கிய கோலால் வரியைப் பின்தொடர்கிறார். பொருள் மாறும்படி ஒரு சொல் பிசகினால் பக்கத்தில் நிற்பவர் உடனே திருத்துவார். திரும்பிப் போய்ச் சரியாக வாசிக்காமல் மேலே நகர முடியாது. சுருளிலேயே ஓர் எழுத்து விடுபட்டிருந்தால் அதை மூடிவிட்டு வேறு சுருளை எடுப்பார்கள். ரபி என்னும் மத குரு எத்தனை பெரியவரானாலும் இங்கே அவர் நூலுக்குச் சொந்தக்காரர் அல்லர். நூலின் காவல், கேட்டுக்கொண்டிருக்கும் சபையிடம் இருக்கிறது.

புரியாத எபிரேயத்தில், அதுவும் கி.பி. 70-இல் எருசலேம் ஆலயம் அழிந்தபின் வழக்கொழிந்த பலி விதிகளை ஏன் வாசிக்க வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். புரிய வேண்டும் என்ற கவலை வாசிப்பை ஒழுங்குபடுத்திய சட்டத்துக்கும் இருந்தது. வசனத்துக்கு வசனம் அன்றைய பேச்சுமொழியான அரமேயத்தில் பொருள் சொல்ல ஒருவரை நிறுத்தியது. மூலத்தோடு குழம்பிவிடாதிருக்க, அவர் எழுதிவைத்துப் படிக்கக் கூடாது என்றும் விதித்தது. ஏமன் யூதர்களிடம் அவ்வழக்கம் இன்றும் உண்டு. அந்த அரமேயமும் இன்று பலருக்கு விளங்காது என்பது வேறு விஷயம்! பலி விதிகளைப் பொறுத்தவரை, பிடித்ததை மட்டும் எடுத்துக்கொள்ளும் வசதி இங்கில்லை. லேவியராகமத்தின் தோல்நோய் அதிகாரங்கள் ஆண்டுதோறும் வந்தே தீரும். அவற்றோடு மல்லுக்கட்டிய ரபிகள், அந்நோயை அவதூறு பேசியதற்கான தண்டனையாக விளக்கினார்கள். விருப்பம்போல் தாண்டிப்போக முடிந்திருந்தால் அந்த விளக்கத்துக்கு வேலையே இருந்திருக்காது.

என் வாதத்தை உண்மையில் உலுக்குவது வேறொன்று. ஓய்வுநாளில் வாசிக்க அழைக்கப்படும் எழுவரில் பெண்ணும் இருக்கலாம் என்று சொல்லும், ரபிகளின் சட்ட விவாத நூலான தால்முத், அதே மூச்சில் சபையின் கௌரவம் கருதி வேண்டாம் என்கிறது. சபையே காவல் என்றால், பாதிச் சபையை மேடைக்கு வெளியே நிறுத்துவது காவலைக் குறைப்பதுதான். வைதீக சபைகளில் பெரும்பாலும் அந்தத் தடை நீடிக்கிறது. யூத சமயத்தின் இன்னொரு பிரிவான கன்சர்வேட்டிவ் சபைகள் பலவற்றில் பெண்கள் சுருளிலிருந்து வாசிக்கிறார்கள். பிசகினால் அவர்களையும் திருத்துகிறார்கள்.