டாட் எஸ்ஐடி கோப்பும் பூஜ்யம் பைட் எழுத்துருவும்

ராஜபாளையத்துல இருந்து பேசுறேன். இன்னைக்குப் பேசப்போறது, லேசுல திறக்காத பழைய சுருக்கக் கோப்புகள் பத்தி. ஜிப், ரார் எல்லாருக்கும் பழக்கம். டாட் எஸ்ஐடி, டாட் எல்இஸட்எச், டாட் ஏஸ்னு வந்தா மட்டும் "ஃபைல் கெட்டுப்போச்சு"ன்னு சிடியைத் தூக்கிப் போட்டுடறாங்க. பெரும்பாலும் கெட்டிருக்காது.

ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருந்து ஒருத்தர் வந்தாரு. அவங்க அப்பா தமிழாசிரியரா இருந்தவர், ஆண்டாள் பாசுரங்களுக்கு உரை எழுதி 1998-ல அச்சடிச்சிருக்காரு. வீட்ல மிஞ்சின ஒரே பிரதியைக் கரையான் பாதி தின்னுடுச்சு. "அண்ணாச்சி, ஆடிப்பூரத்துக்குள்ள மறுபடி அடிக்கணும்"னு ஒரு சிடியை நீட்டினாரு. உள்ள பெயருக்குப் பின்னால எந்த ஒட்டும் இல்லாத ஒரே கோப்பு.

ஒட்டு இல்லாம இருக்கறதே ஒரு தடயம். பழைய மேக்ல கோப்பின் வகை பெயர்ல இருக்காது, தனியாப் பதிவாகி இருக்கும். அதனால முதல்ல ஹெக்ஸ் எடிட்டர்ல கோப்பின் தலையைப் பாருங்க. பிகே-ன்னு இருந்தா ஜிப். அது ஃபில் காட்ஸ் பெயரோட முதலெழுத்துகள். ரெண்டு கோடுகளுக்கு நடுவுல எல்எச்5-ன்னு வந்தா எல்இஸட்எச். எம்எஸ்சிஎஃப்னா கேப். இவர் கோப்புல எஸ்ஐடி-யும் ஒரு ஆச்சரியக்குறியும். ஸ்டஃபிட். 1987-ல ரேமண்ட் லாவ்னு ஒரு பள்ளி மாணவர் எழுதின மென்பொருள். மேக் வச்சு அச்சுவேலை பார்த்தவங்களுக்கு அன்னைக்கு இதுதான் ஜிப் மாதிரி.

வேற ஒரு இடத்துல ஏற்கெனவே விண்டோஸ்ல பிரிச்சுக் கொடுத்திருக்காங்க. பேஜ்மேக்கர் கோப்புகள் வந்துடுச்சு. எழுத்துருக்கள் எல்லாம் பூஜ்யம் பைட். எழுத்துருவே சிடில இல்லைன்னு சொல்லி அனுப்பிட்டாங்களாம்.

இருக்கு. பழைய மேக் கோப்புக்கு ரெண்டு அறை: டேட்டா ஃபோர்க், ரிசோர்ஸ் ஃபோர்க். அந்தக் கால எழுத்துரு முழுக்க ரெண்டாவது அறையிலதான் குடியிருக்கும். விண்டோஸ்ல சாதாரணமாப் பிரிச்சா முதல் அறை மட்டும் வரும், அது காலி. ஸ்டஃபிட் ரெண்டையும் சேர்த்துக் கட்டி வைக்கும். அதனால ஒரு மேக்ல 'தி அன்ஆர்கைவர்' போட்டுப் பிரிச்சேன். இலவசம்தான். எழுத்துருக்கள் முழுசா வந்துச்சு. லினக்ஸ்ல இதே ஆளோட 'அன்ஆர்' இருக்கு. பிரிக்கறதுக்கு முன்னாடி 'எல்எஸ்ஆர்' போட்டுப் பட்டியலைப் பாத்துக்கலாம்.

இடையில ஒரு எச்சரிக்கை. டாட் ஏஸ் கோப்புக்காக ஏதோ ஒரு தளத்துல கிடைக்கற பழைய மென்பொருளை நிறுவாதீங்க. அதைத் திறக்கற பழைய டிஎல்எல்-ல பெரிய ஓட்டை இருந்தது தெரிஞ்சு, 2019-ல வின்ரார் ஏஸ் ஆதரவையே எடுத்துடுச்சு.

எழுத்துரு ஏன் இவ்வளவு முக்கியம்? யூனிகோடுக்கு முந்தின தமிழ் எழுத்துருக்கள்ல ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு இடத்துல எழுத்தை வச்சாங்க. எழுத்துரு இல்லைன்னா உரை வெறும் குப்பை. இருந்தா, எந்த எண்ணுக்கு எந்த எழுத்துன்னு அட்டவணை போட்டு யூனிகோடுக்கு மாத்தலாம். பேஜ்மேக்கர் 6, 7 கோப்புகளை இன்டிசைன் சிஎஸ்6 வரைக்கும் திறக்கும். லிப்ரே ஆபீஸும் ஓரளவு திறக்கும். மாத்தும்போது கொம்பைக் கவனிக்கணும். பழைய முறையில கொம்பு முதல்ல, எழுத்து பிறகு. யூனிகோடுல தலைகீழ். இதை நிரல் பாத்துக்கும்.

நிரல் பாத்துக்காத ஒண்ணு இருக்கு. டைப் பண்ணவர் பல இடத்துல ரகரத்துக்குப் பதிலாத் துணைக்காலைத் தட்டியிருக்காரு. அச்சுல வித்தியாசம் தெரியாது. மாத்தினதும் 'வர' எல்லாம் 'வா' ஆயிடுச்சு, 'தர' எல்லாம் 'தா'. பாசுர உரைல அது சின்னத் தப்பு இல்லை. வரிவரியா ஒரு மனுஷன்தான் படிச்சுத் திருத்தணும்.

இப்ப அவர் கரையான் அரிச்ச பிரதியைப் பக்கத்துல வச்சுக்கிட்டுத் திருத்திட்டு இருக்காரு. தொண்ணூறு பக்கம் முடிஞ்சிருக்கு.