சிறைக்கு முன்னால் இன்னொரு கதவு

திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் சின்னக் கஞ்சா பொட்டலத்தோடு ஒரு பையன் பிடிபடுகிறான் என்று வையுங்கள். சிறைதானா? வேறு வழியும் உண்டு. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம், 39-ஆம் பிரிவு. அளவு சிறியது, ஆள் போதைக்கு அடிமை என்றால், அவன் சம்மதத்தோடு நீதிமன்றம் சிகிச்சைக்கு அனுப்பலாம். அனுப்பலாம், சரி. அதை நீதிமன்றத்தில் யாராவது கேட்க வேண்டுமே! கேட்க, அவன் அடிமை என்று முதலில் புரிய வேண்டும்.

பையனுக்குத் தூக்கமில்லை. சோறு இறங்கவில்லை. எரிந்து விழுகிறான். பார்ப்பவருக்குத் திமிர். போதை அடிமைத்தனத்தை அடையாளம் காணப் பயிற்சி பெற்ற காவலருக்கோ, போதை விட்ட உடம்பின் தவிப்பு. அந்தப் பயிற்சி வக்கீலுக்கும் வேண்டும், நன்னடத்தை அலுவலருக்கும் வேண்டும். சர்க்கரை நோயாளி ஒருநாள் லட்டு தின்றால் வைத்தியத்தை நிறுத்துகிறோமா? இவன் சிகிச்சையில் சறுக்கினாலும் நிறுத்தக் கூடாது.

வீட்டில் யாருக்காவது போதையிலிருந்து மீள உதவி தேவையா? கட்டணமில்லா எண் 14446. மறுபடியும், 14446.