மூன்றாம் அதிகாரம், பதினாறாம் வசனம்

கம்ப்யூட்டர் துறையில் இருப்பவருக்குக் கடவுள் நம்பிக்கை இருக்குமா என்று கேட்பவர்களுக்கு டொனால்ட் நூத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஓய்வுபெற்ற பேராசிரியர். 1968-இல் முதல் பாகம் வெளிவந்த அவருடைய நிரலாக்க நூலைத்தான் இன்றும் துறையில் எல்லோரும் மதித்துப் புரட்டுகிறார்கள். கணித நூல்களை அழகாக அச்சிட உதவும் 'டெக்' மென்பொருளும் அவர் படைத்ததே.

அவர் லூத்தரன் கிறிஸ்தவர். பைபிளை ஆழ்ந்து படிக்க ஆசைப்பட்டார். முழுவதையும் அப்படிப் படிப்பது மலைப்பான வேலை. நெல் மூட்டையில் குத்தூசி போட்டுப் பார்ப்பதுபோல, ஒவ்வொரு ஆகமத்திலும் மூன்றாம் அதிகாரம் பதினாறாம் வசனத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். யோவான் 3:16 கிறிஸ்தவர்களுக்கு மனப்பாடம். மற்ற ஆகமங்களில் அந்த இடத்தில் என்ன இருக்கிறது? பெரும்பாலும் யாரும் நின்று பார்க்காத வரிகள். ஒவ்வொன்றுக்கும் அறிஞர்களின் உரைகளைத் தேடி வாசித்தார், தாமே மொழிபெயர்த்தார். எழுத்துருக் கலைஞர் ஹெர்மன் ஸாப்ஃபின் துணையோடு, பல நாட்டுக் கலைஞர்கள் அவ்வசனங்களை எழுத்தோவியமாகத் தீட்டினார்கள். எல்லாம் சேர்ந்து புத்தகமாக வந்தது.

மாதிரி எடுத்துச் சோதிப்பது புள்ளியியலின் வழி. வேதத்தின் முன்னும் அவர் அதே கருவியோடுதான் உட்கார்ந்தார். எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. 1999-இல் எம்.ஐ.டி.யில் கம்ப்யூட்டர் துறைக்கும் கடவுள் நம்பிக்கைக்கும் உள்ள உறவைப் பற்றித் தொடர் சொற்பொழிவு ஆற்றினார்.

ஆர்கன் வாசிப்பதும் அவருக்கு உயிர். திருவெளிப்பாடு ஆகமத்தை வைத்து அவர் அமைத்த இசை, 2018-இல் அவருடைய எண்பதாவது பிறந்த நாளன்று ஸ்வீடனில் அரங்கேறியது.