மூன்றாவது முயலுக்கு ‘முடியாது’ என்று சொல்வது



தலைப்பைக் கேட்டதும் சிலர் சிரிக்கக்கூடும். முயலைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது? முயல் வளர்க்கும் வீட்டாரைக் கேட்டால், ஓர் இரவுத் தூக்கத்தையே கெடுக்கும் விஷயம் அது என்பார்கள்.

பூன் லேயில் நான்கறை வீட்டில் ஒரு குடும்பம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வீட்டில் ஏற்கெனவே இரண்டு முயல்கள். ஒன்றுக்கு வயது ஏழு. ஒரு நாள் இரவு அக்காவின் கைத்தொலைபேசிக்கு ஒரு படம் வருகிறது. சாம்பல் நிறம், தொங்கும் காது, கூண்டின் மூலையில் ஒடுங்கிய உடம்பு. “வீடு மாறுகிறோம். வெள்ளிக்கிழமைக்குள் யாராவது எடுத்துக்கொள்ளுங்கள்” என்று கீழே ஒரு வரி.

தம்பி எட்டிப் பார்க்கிறான். “பாவம்க்கா, ஒண்ணே ஒண்ணுதானே, எடுத்துக்கலாம்.”

அம்மாவும் சமையலறையில் இருந்தபடியே, “ரெண்டுக்குப் புல்லு போடுற கை மூணாவதுக்குப் போடாதா?” என்கிறார்.

இப்படி நினைக்கும் மனம் நல்ல மனம்தான். சிக்கலே அங்கேதான் இருக்கிறது. இரக்கமில்லாதவருக்கு இந்தச் சோதனை வருவதே இல்லை.

வீவக வீடுகளில் நாய் என்றால் அனுமதிக்கப்பட்ட இனத்தில் ஒன்று. 2024 செப்டம்பர் முதல் தேதியிலிருந்து பூனையும் வளர்க்கலாம், இரண்டு வரை. முயல் போன்ற சிறு பிராணிகளை அக்கம்பக்கத்தாருக்குத் தொல்லையில்லாமல் வளர்த்துக்கொள்ளலாம். அதனால் ‘போதும்’ என்ற சொல்லை முயல் வீட்டுக்காரர் தாமே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அது எளிதன்று.

முயலைக் குறைந்த செலவுப் பிராணி என்று நினைப்பவர்கள் பலர். குரைக்காது, நடைக்கு அழைத்துப் போக வேண்டாம், ஒரு கேரட் போட்டால் போதும். இந்தக் கேரட் கதையைப் பரப்பியவை கேலிச்சித்திரப் படங்கள்தாம். இனிப்பு மிகுந்த கேரட் முயலுக்குத் தின்பண்டம் மாதிரி. அதன் உணவில் பெரும்பகுதி காய்ந்த புல்லாக இருக்க வேண்டும். வாழ்நாள் முழுவதும் பல் வளர்ந்துகொண்டே இருக்கும். அது தேய்வதற்கும் குடல் ஓடுவதற்கும் அந்தப் புல்தான் வழி. சிங்கப்பூரில் அது கடையில் பையாக வாங்க வேண்டிய இறக்குமதிச் சரக்கு.

அடுத்தது வெப்பம். முயலுக்கு மனிதரைப் போல் வியர்க்காது. உடம்புச் சூட்டைக் காதுகள் வழியாகத்தான் பெரிதும் வெளியேற்றும். வெப்பம் 28 டிகிரியைத் தாண்டினாலே தவிக்கத் தொடங்கும். இங்கே பிற்பகலில் 31, 32 என்பது சாதாரணம். ஆக, வீட்டில் ஆள் இல்லாத நேரத்திலும் மின்விசிறி சுழல வேண்டும்.

நோய் வந்தால்? முயல் தன் வலியை மறைக்கும் பிராணி. காட்டில் நோஞ்சான் என்று தெரிந்தால் பிடித்துத் தின்ன ஆள் இருக்கிறதே, அந்தப் பழக்கம். அரை நாள் சாப்பிடாமல் இருந்தாலே குடல் நின்றுபோகும் அபாயம் உண்டு. தாமதித்தால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும். எல்லா விலங்கு மருத்துவமனைகளும் முயலைப் பார்ப்பதில்லை. ஏழு வயது முயலுக்கு என்று ஒதுக்கி வைத்த பணத்தில் மூன்றாவது முயலின் கருத்தடைச் சிகிச்சையும் சேர்ந்தால், அடுத்த அவசரத்தில் எந்த முயலுக்குப் பணம் இருக்கும்? அந்த வீட்டில் உண்மையான கேள்வி இதுதான்.

கருத்தடையைத் தள்ளிப்போடவும் முடியாது. சினைக்காலம் ஏறத்தாழ 30 நாள்தான். ஈன்ற அன்றே மறுபடி சினையாகக்கூடிய பிராணி அது. குட்டியாக இருக்கையில் ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்வதும் கடினம். ‘இரண்டும் பெண்’ என்று வாங்கி வந்த வீட்டில் ஒரு மாதம் கழித்து ஆறேழு குட்டிகள் கிடப்பது அப்படித்தான்.

பலருக்குத் தெரியாத இன்னொன்று. சேர்ந்து வாழும் இரண்டு முயல்களுக்கு நடுவே மூன்றாவதைச் சட்டென்று விட்டால் அது விருந்தாளி ஆகாது, எதிரியாகும். இரத்தம் வரக் கடித்துக்கொள்ளும். வாரக்கணக்கில் தனித்தனியே அடைத்து, பொது இடத்தில் சிறிது சிறிதாகப் பழக்க வேண்டும். சில நேரம், அதுவரை ஒட்டி உறவாடிய பழைய ஜோடியே பிரிந்துவிடும். நான்கறை வீட்டில் மூன்று தனி அடைப்புக்கு இடம் எங்கே?

2011இலும் 2023இலும் சீனரின் முயல் ஆண்டு பிறந்தபோது, ராசிக்காக முயல் வாங்காதீர்கள் என்று விலங்கு நல அமைப்புகள் கேட்டுக்கொண்டன. முயல் பத்தாண்டு வாழும். 2011இல் தொடக்கநிலை ஒன்றில் சேர்ந்த பிள்ளைக்கு வாங்கித் தந்த குட்டி, அந்தப் பிள்ளை தொடக்கக் கல்லூரிக்குப் போகும்போதும் வீட்டில் இருக்கும். பிள்ளைக்கு அப்போது வேறு ஆசைகள். பூங்காவில் விட்டுவிட்டால் பிழைத்துக்கொள்ளும் என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள்.

ஆஸ்திரேலியாவில் 1859இல் தாமஸ் ஆஸ்டின் என்பவர் வேட்டைக்காக விட்ட சுமார் 24 முயல்கள் கண்டத்தையே நிரப்பியது வரலாறு. ஆனால் அவற்றில் காட்டு இரத்தம் இருந்தது, நிலமும் ஒத்துப்போனது. இங்கே வீட்டு முயலை விட்டால் வெயிலுக்கோ உடும்புக்கோ மலைப்பாம்புக்கோதான் இரை. பிராணியைக் கைவிடுவது சட்டப்படி குற்றமும் ஆகும். முதல் முறைக்கே 10,000 வெள்ளி வரை அபராதம், 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

சரி, பூன் லே வீட்டு அக்கா என்ன செய்யலாம்? “எங்களால் வைத்துக்கொள்ள முடியாது” என்று அன்று இரவே தெளிவாக எழுதிவிடலாம். ‘பார்க்கலாம்’ என்று எழுதக்கூடாது. அந்த ஒரு சொல்லை நம்பி வெள்ளிக்கிழமை வரை அவர்கள் வேறு யாரையும் தேடாமல் இருந்துவிடுவார்கள். கூடவே, வீட்டில் சும்மா கிடக்கும் பழைய கூண்டையும் ஒரு பை புல்லையும் தருவதாகச் சொல்லலாம். சுங்கை தெங்கா சாலையில் இருக்கும் விலங்கு வதைத் தடுப்புச் சங்கத்தையும், முயல்களுக்கென்றே இயங்கும் தொண்டூழியர் குழுக்களையும் கேட்டுப் பார்க்கச் சொல்லலாம். முயல் வளர்த்து அனுபவம் உள்ள, இப்போது முயல் இல்லாத தோழி ஒருத்திக்குப் படத்தை அனுப்பலாம்.

தம்பி கோபித்துக்கொள்வான். “நீ ரொம்ப மோசம்க்கா” என்பான். அவனிடம் வீட்டுச் செலவுக் கணக்கைக் காட்டுவதைவிட, அந்த ஏழு வயது முயலைத் தூக்கி மடியில் வைத்து, அதன் பல்லையும் நகத்தையும் பார்க்கச் சொல்லலாம். வாரம் ஒருமுறை செய்ய வேண்டிய அந்த வேலை இந்த வாரம் நடந்திருக்காது.

கூண்டைக் கொடுக்க வியாழக்கிழமை மாலை, பூன் லே பெருவிரைவு ரயில் நிலைய வாசலுக்கு அவனையே அனுப்பலாம்.