நரம்பின் தூதும் நஞ்சின் தடையும்



பழனி மலைச் சரிவிலுள்ள பெரும்பாறையில், காப்பித் தோட்டங்களின் நடுவே என் ஓய்வுக்காலம் கழிகிறது. மாலை வேளைகளில் பிள்ளைகள் ஐயம் கேட்க வருவதுண்டு. அண்மையில் ஒரு மாணவன், "ஐயா, கட்டுவிரியன் கடித்தவருக்கு ஏன் இமை மூடிக்கொள்கிறது? அது தூக்கமா, மயக்கமா?" என்று வினவினான். இரண்டும் அல்ல. பின் என்ன? அதையே இன்று சொல்ல விரும்புகிறேன்.

இமையைத் திறக்குமாறு மூளை இடும் கட்டளை, நரம்பின் வழியே மின் துடிப்பாக விரைகிறது. ஆனால் நரம்பின் நுனி தசையைத் தொடுவதில்லை. ஒரு மில்லிமீட்டரை 20,000 கூறாக்கினால் ஒரு கூறு எவ்வளவோ, ஏறத்தாழ அவ்வளவு இடைவெளி இரண்டுக்கும் நடுவே உண்டு. அக்கரைக்குச் செய்தி போகத் தோணி வேண்டுமல்லவா? இங்கே தோணியாவது அசிட்டைல்கோலின் என்னும் இரசாயனப் பொருள்.

இப்பொருள் நிறைந்த நுண்பைகள் நரம்பு நுனியில் காத்திருக்கின்றன. துடிப்பு வந்ததும் கால்சியம் அயனிகள் உள்ளே நுழைகின்றன. உடனே சில பைகள் நுனியின் சவ்வோடு ஒன்றித் திறந்து, தம்மிடமுள்ளதை வெளியே கொட்டுகின்றன. அது தசையிலுள்ள ஏற்பிகளைப் பற்றியதும் தசை சுருங்குகிறது, இமை உயர்கிறது. இத்தனையும் நடந்தேறக் கண்ணிமைக்கும் நேரங்கூட ஆவதில்லை!

நரம்பு இரசாயனத்தால் பேசுகிறது என்பதை 1921-ஆம் ஆண்டில் ஆட்டோ லோவி தவளையின் இதயத்தைக்கொண்டு மெய்ப்பித்தார். அப்பொருள் சிறுசிறு பொட்டலங்களாகவே வெளிப்படுகிறது என்று காட்டிய பெர்னார்டு காட்ஸ் 1970-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

இனி நஞ்சுக்கு வருவோம். நல்ல பாம்பின் நஞ்சு தசையிலுள்ள ஏற்பிகளை அடைத்துக்கொள்கிறது. தோணி வந்தும் துறை கிடைப்பதில்லை. கட்டுவிரியனோ அத்துடன் நில்லாமல், நரம்பு நுனியையே சிதைத்து, நுண்பைகளை வற்றச் செய்கிறது. தோணியே இல்லாமற் போகிறது. முதலில் இமை தாழும். பிறகு பேச்சு குழறும். இறுதியில் மூச்சை இயக்கும் தசைகளும் ஓய்ந்துவிடும்.

நச்சுமுறி மருந்து உடலில் உலவும் நஞ்சை முறிக்கும். சிதைந்த நுனியைச் செப்பனிடாது. அதனாலேயே விரைவு வேண்டும். நுனி மீண்டும் வளரப் பல நாட்கள் ஆகும். அதுவரை செயற்கைச் சுவாசக் கருவி உயிரைக் காக்கும். இம்மருந்துக்கு வேண்டிய நஞ்சை, 1978 முதல் இயங்கும் வடநெம்மேலி இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் பாம்புகளைக் கொல்லாமலே எடுத்துத் தருகின்றனர்.

கட்டுவிரியன் பெரும்பாலும் இரவில், தரையில் உறங்குவோரைக் கடிக்கிறது. வலியோ வீக்கமோ மிகுதியாக இராது. கடிவாய் கண்ணுக்குப் புலப்படாமலும் போகலாம். விடியலில் ஒருவர் வயிற்றுவலியென்று எழுந்து, இமையைத் தூக்க முடியாமல் தவித்தால் ஐயுறுங்கள். கடிவாயைக் கீறாதீர்கள், இறுகக் கட்டாதீர்கள், மந்திரிப்பவரைத் தேடிப் பொழுதைப் போக்காதீர்கள். 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள். கண் திறவாது, விரல் அசையாது கிடப்பவர் நீங்கள் பேசுவதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கக்கூடும். நின்றுபோனது நரம்பின் தூதேயன்றி நெஞ்சின் நினைவன்று. "போய்விட்டார்" என்று அவர் அருகில் அழாதீர்கள். "பயப்படாதே, மருத்துவமனைக்குப் போகிறோம்" என்று சொல்லுங்கள். விடை சொல்ல இயலாவிட்டாலும், அச்சொல் அவரைச் சென்று சேரும்.